அத்தியாயம் 3: ஐந்து வெள்ளைக் கற்கள்

கனிமம் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத் தேடித்தான் கிளம்புகிறார்கள். சிவப்பாக ஒன்று கிடைத்தால் கார்னெட், பச்சையாக ஒன்று கிடைத்தால் மரகதம் என்று பெயர் சூட்டி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கனிமத்தின் குணங்களிலேயே அதிகம் ஏமாற்றுவது நிறம்தான். குருந்தக்கல்லில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். விலையும் பெயரும் மாறினாலும் இரண்டும் ஒரே கனிமம். ஆகவே நிறத்தை முதல் சாட்சியாகக் கூப்பிடும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

அதற்கு நான் அறிந்த சிறந்த வழி, வெள்ளைக் கற்களில் தொடங்குவது. வெள்ளையில் நிறம் ஒன்றும் சொல்லாது. கல்லைக் கையில் தூக்கிப் பார்த்து, கீறிப் பார்த்து, உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஐந்து வெள்ளைக் கனிமங்களை இப்படிச் சந்தேகமின்றிப் பிரிக்கத் தெரிந்தவருக்கு மற்றக் கனிமங்கள் எளிதில் பிடிபடும்.

தமிழ்நாட்டில் இதற்கு வசதி அதிகம். கொங்கு நாட்டு மேட்டுக் காடுகளில் உழும்போது மேலே வரும் வெங்கச்சங்கற்களை (குவார்ட்ஸ்) பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்திருப்பார்கள். கரூர், நாமக்கல், திண்டுக்கல் பக்கம் பாறைகளின் குறுக்கே வெள்ளை நரம்புகள் ஓடுவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். சேலத்தில் மேக்னசைட், மதுக்கரையிலும் தாழையூத்திலும் சுண்ணாம்புப் பாறை, பெரம்பலூர் மாவட்டக் களிமண்ணில் ஜிப்சம். இந்த அத்தியாயத்தில் வரும் ஐந்து கற்கள் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட், மேக்னசைட், ஜிப்சம். ஐந்தும் ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் கிடைப்பவை.

கையில் இருக்க வேண்டியவை

பழைய பேனாக்கத்தி ஒன்று, காலிக் கண்ணாடிப் பாட்டில் ஒன்று, சொட்டு மூடியுள்ள சிறு குப்பியில் வினிகர், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. வீட்டில் மாவு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு இருந்தால் போதும். தனியாக வாங்க வேண்டாம்.

லென்ஸைப் பயன்படுத்தும் முறையைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். லென்ஸைக் கல்லருகே வைத்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கல்லை மெல்ல லென்ஸை நோக்கிக் கொண்டு வாருங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் சட்டென்று தெளியும். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கல்மேல் விழ வேண்டும்.

சுத்தியல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தச்சு வேலைச் சுத்தியலைக் கல்மேல் போடக் கூடாது; அதன் முனையிலிருந்தே இரும்புச் சில்லு தெறிக்கும். கல் உடைக்கவென்று செய்த சுத்தியலை மட்டுமே பயன்படுத்துங்கள். கண்ணாடி அணியாமல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள். பக்கத்தில் குழந்தைகள் நின்றால் அவர்களை முதலில் தள்ளி நிறுத்துங்கள். குவார்ட்ஸை உடைக்கும்போது எழும் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்காதீர்கள். கல்லை நனைத்துவிட்டு உடைப்பது இன்னும் நல்லது.

கீறிப் பார்த்தல்

ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ல் பத்துக் கனிமங்களைக் கடினத்தன்மை வரிசையில் அடுக்கினார். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளோரைட் 4, அபடைட் 5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. எண் அதிகமுள்ளது குறைந்ததைக் கீறும். அவ்வளவுதான் இதன் பொருள். நம் ஐந்து கற்களில் நான்கு இந்தப் பட்டியலிலேயே நேராக உட்கார்ந்திருக்கின்றன. மேக்னசைட் மட்டும் பட்டியலில் இல்லை. அது சுமார் 4-ல் இருக்கும்.

உங்கள் விரல் நகம் ஏறக்குறைய 2.5. பேனாக்கத்தியும் பாட்டில் கண்ணாடியும் 5.5 அளவில் வரும். இந்த இரண்டு எல்லைக் கோடுகளே வெள்ளைக் கற்களை மூன்று கூட்டமாகப் பிரித்துவிடும். நகத்தால் கீறப்படுவது ஜிப்சம். நகத்துக்கு அசையாமல் கத்திக்கு இடம் கொடுப்பவை கால்சைட்டும் மேக்னசைட்டும். கத்திக்கும் அசையாமல் கண்ணாடியைக் கீறுபவை ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும்.

சோதனை எளிதுதான், ஆனால் இரண்டு இடங்களில் வழுக்கும். கத்தியால் குவார்ட்ஸைத் தேய்த்தால் அதன்மேல் சாம்பல் நிறக் கோடு ஒன்று விழும். அது கீறல் இல்லை. கத்தியின் இரும்புதான் கல்மேல் ஒட்டியிருக்கிறது. எச்சில் தொட்ட விரலால் துடைத்துப் பாருங்கள். கோடு மறைந்தால் கத்தி தோற்றது. நகம் சிக்கும் பள்ளம் இருந்தால் கல் தோற்றது. இன்னொன்று, வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேல்தோல் மக்கி இளகியிருக்கும். ஃபெல்ட்ஸ்பாரின் மக்கிய தோல் களிமண்ணாக மாறிக்கொண்டிருப்பதால் கத்திக்கு எளிதில் பெயரும். எந்தச் சோதனையும் புதிதாக உடைத்த முகத்தில் மட்டுமே செய்யுங்கள்.

குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும்

தொடக்கக்காரர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ‘கண்ணாடியைக் கீறியது, ஆகவே குவார்ட்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஃபெல்ட்ஸ்பாரும் கண்ணாடியைக் கீறும். இரண்டும் ஒரே நரம்பில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இவற்றைப் பிரிப்பது கடினத்தன்மை அல்ல, உடையும் விதம்.

உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஃபெல்ட்ஸ்பாரானால் ஏதோ ஒரு கோணத்தில் ஒரு முழு முகமும் ஒரே நொடியில் பளிச்சென்று மின்னி அணையும். அது பிளவுத்தளம்: அணுக்களுக்கிடையே பிணைப்பு பலவீனமாக உள்ள திசையில் கல் சமதளமாகப் பிளந்த முகம். அப்படியே ஏறக்குறைய செங்கோணம் திருப்பினால் இரண்டாவது முகம் மின்னும். ஓரத்தை லென்ஸில் பார்த்தால் இந்த இரண்டு தளங்களும் சேர்ந்து படிக்கட்டாக இறங்குவது தெரியும். இதைப் பார்த்துவிட்டால் ஃபெல்ட்ஸ்பார் என்று தைரியமாக எழுதலாம்.

குவார்ட்ஸில் அப்படி மின்னும் முகமே இராது. எங்கே அடித்தாலும் வளைந்த, சிப்பி வடிவ முறிவுகளோடுதான் உடையும். அந்த வளைவில் எண்ணெய் தடவிய மினுக்கு இருக்கும். முழுப் படிகமாகக் கிடைத்தால் ஆறு பக்கங்களோடு, பக்கங்களின்மேல் குறுக்காக நுண்ணிய கோடுகளோடு இருக்கும். அந்தக் குறுக்குக் கோடுகளை லென்ஸில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை வெட்டிப் பட்டை தீட்டிப் படிகம் என்று விற்பதில் அவை இருப்பதில்லை.

வெங்கச்சங்கல் இரண்டை இரவில் விளக்கணைத்த அறையில் ஒன்றோடொன்று அழுத்தி உரசுங்கள். உரசும் இடத்தில் கல்லுக்குள்ளேயே மஞ்சள் ஒளி ஓடும். தீய்ந்த வாசனையும் வரும். தண்ணீருக்குள் வைத்து உரசினாலும் ஒளி வரும் என்பதால் இது தீப்பொறி அல்ல. பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்களைக் கனிமங்களின் பக்கம் இழுக்க வேறு எதுவும் தேவைப்படாது.

ஃபெல்ட்ஸ்பார் ஒரே கனிமம் அல்ல, ஒரு குடும்பம். பொட்டாசியம் மிகுந்தது இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் வரும். சோடியம், கால்சியம் உள்ளவை வெள்ளை, சாம்பல். காங்கேயம் பகுதி பெயர் பெற்ற சந்திரகாந்தக் கல்லும் இந்தக் குடும்பம்தான். குடும்பத்துக்குள் யார் யார் என்று கையில் வைத்துப் பிரிப்பது எளிதல்ல. இப்போதைக்கு ‘ஃபெல்ட்ஸ்பார்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கால்சைட்

மதுக்கரை, தாழையூத்து, சங்ககிரி ஆகிய ஊர்களின் சிமென்ட் ஆலைகள் எழுந்ததே அங்குள்ள படிகச் சுண்ணாம்புப் பாறையை நம்பித்தான். அந்தப் பாறை முழுக்கக் கால்சைட் மணிகள். உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் கற்கண்டு உடைந்ததுபோல் நூற்றுக்கணக்கான சிறு முகங்கள் தனித்தனியே மின்னும்.

பெரிய மணியாகக் கிடைத்தால் கால்சைட்டின் அழகு தனி. அதன் பிளவுத்தளங்கள் மூன்று. எவையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இல்லை. சுத்தியலால் லேசாகத் தட்டினால் சாய்ந்த பெட்டி வடிவில் பிளக்கும். அந்தத் துண்டை மறுபடி தட்டினால் இன்னும் சிறிய, ஆனால் அதே கோணமுள்ள சாய்ந்த பெட்டிகள். கண்ணுக்குத் தெரியும் கடைசித் துகள் வரை இது மாறுவதில்லை. தெளிவான துண்டு கிடைத்தால் செய்தித்தாளின்மேல் வையுங்கள். ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். உள்ளே நுழையும் ஒளியைக் கால்சைட் இரு கதிர்களாகப் பிரித்துவிடுகிறது.

வினிகர் சொட்டினால் கால்சைட் பொங்கும். கார்பன் டை ஆக்சைடு குமிழிகள்தான் அவை. வினிகர் மென்மையான அமிலம் என்பதால் முழுக் கல்லில் பொங்கல் மெதுவாக இருக்கும். கத்தியால் சுரண்டித் தூள் எடுத்து அதன்மேல் சொட்டினால் தெளிவாகத் தெரியும். லென்ஸ் வழியாகப் பாருங்கள். பள்ளி, கல்லூரிகளில் இதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தருவார்கள். அங்கேயே, ஆசிரியர் முன்னிலையில் பயன்படுத்துங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை இதற்காக எடுக்கவே கூடாது. அதன் புகை நெஞ்சை எரிக்கும்; பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கரிசல் மண்ணில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் சுக்கான்கல்லும் பொங்கும். அதிலும் கால்சைட்தான், ஆனால் களிமண் கலந்தது. சேகரிப்பில் அதற்கும் ஒரு பெட்டி கொடுங்கள்.

மேக்னசைட்

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலை அடிவாரத்தில், வெள்ளை நரம்புகள் பின்னிய குன்றுகள் உண்டு. சாக்குக்கட்டி நிறத்தைப் பார்த்து ஆங்கிலேயர் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சாக்குக்கட்டிக்கும் அதற்கும் உறவில்லை. ஊர்க்காரர்கள் ‘வெள்ளைக்கல்’ என்றே சொல்வார்கள். எஃகு உலைகளின் உள்சுவருக்கான தீச்செங்கல் செய்ய இந்தக் கல்லைப் பல தலைமுறைகளாக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

இது உருவான விதம் தெரிந்தால் அடையாளம் தானாக வந்துவிடும். அங்குள்ள மூலப்பாறை பூமியின் ஆழத்திலிருந்து வந்த டியூனைட். மெக்னீசியம் நிறைந்த ஆலிவின் கனிமத்தால் ஆனது. விரிசல்களில் புகுந்த, கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் அந்தப் பாறையைச் சிதைத்து, மெக்னீசியத்தை எடுத்து, விரிசல் வழியெல்லாம் மெக்னீசியம் கார்பனேட்டாகப் படிய வைத்தது. ஆகவே பச்சை கலந்த கரும்பாறைக்குள் நாலாபக்கமும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெள்ளை நரம்பைப் பார்த்தால் மேக்னசைட் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. அதே பாறையில் கறுப்பாகக் கனத்துக் கிடப்பது குரோமைட்டாக இருக்கலாம். அது அடுத்த அத்தியாயத்தின் பாடம்.

சேலத்து மேக்னசைட்டில் கண்ணுக்குத் தெரியும் படிகம் இராது. உடைந்த முகம் பீங்கானின் முறிவை ஒத்து வழவழவென்று, மின்னாமல் இருக்கும். குளிர்ந்த வினிகருக்கு அசையாது. தூளாக்கி, சூடான அமிலத்தில் இட்டால்தான் மெதுவாகப் பொங்கும். கால்சைட்டிலிருந்து இதைப் பிரிக்கும் முக்கியச் சோதனை இதுவே. ஒரு எச்சரிக்கை: கல்லின் வெளித்தோலில் சுக்கான் படிந்திருந்தால் அது பொங்கி உங்களைக் குழப்பும். புதிய முகம் என்ற விதியை இங்கேயும் மறக்காதீர்கள்.

ஜிப்சம்

பெரம்பலூர் மாவட்டம் காரை பகுதியில், மழைநீர் அரித்துச் சென்ற களிமண் மேடுகள் மைல்கணக்கில் விரிந்திருக்கின்றன. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது கடலடி. களிமண்ணின் வெடிப்புகளில் ஜிப்சம் தகடு தகடாகவும் நார் நாராகவும் படிந்திருக்கிறது. வெயில் ஏறிய நேரத்தில் தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு கொட்டிக் கிடப்பதாகத் தோன்றும்.

நகத்தால் கீறப்படுவதே போதுமான சாட்சி. மெல்லிய தகடு லேசாக வளையும், ஆனால் விட்டவுடன் நிமிராது, காக்காப்பொன் நிமிர்ந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கையால் உணர்ந்து பாருங்கள். ஒரு சில்லை இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் தெளிவான தகடு பால் வெள்ளையாகி உதிரும். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் நீர். சூட்டில் அது வெளியேறுகிறது. எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஜிப்சத்தை இப்படிச் சூடாக்கிச் செய்வதுதான்.

காரையில் ஜிப்சத்தோடு பழங்கால உயிரினங்களின் கல்லெச்சங்களும் கிடக்கும். அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த மண்ணை ஆராய்பவர்களுக்கு ஒவ்வொன்றும் எந்த அடுக்கில் கிடந்தது என்பதே செய்தி.

எடை சொல்வது

சந்தேகம் தீராதபோது ஒப்படர்த்தியைக் கணக்கிடுங்கள். கல்லை உலர்வாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் தண்ணீருள்ள பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண், கல் இடம்பெயர்த்த நீரின் எடை. உலர் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி.

உலர் எடை 159 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 60 கிராம் என்றால் விடை 2.65; குவார்ட்ஸுக்குரிய எண். அதே பருமனில் மேக்னசைட் 180 கிராம் இருக்கும், ஏனென்றால் அதன் எண் 3.0. கால்சைட் 2.71, ஜிப்சம் 2.3, ஃபெல்ட்ஸ்பார் 2.55 முதல் 2.76 வரை. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இதில் பிரியாது என்பதைக் கவனியுங்கள். அவற்றுக்குப் பிளவுத்தளமே சாட்சி. 4.5 வந்தால் நம் ஐந்தில் எதுவும் அல்ல, பெரும்பாலும் பேரைட். ஆந்திரத்தின் மங்கம்பேட்டை அதற்குப் பெயர் பெற்ற இடம். 100 கிராமுக்குக் குறைந்த கல்லை வீட்டுத் தராசில் இப்படி அளந்தால் பிழை அதிகமாகும்.

எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது

காப்புக்காடு, சரணாலயம், தொல்லியல் இடம், கோயில் நிலம் ஆகியவற்றில் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்கள். அங்கே பார்ப்பதோடு சரி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் உள்ள மோனசைட் இருக்கிறது; அது அணுக் கனிமம், வீட்டு அலமாரிக்குரியது அல்ல. பட்டா நிலமானால் உரிமையாளரைக் கேளுங்கள். வரப்போரம் குவித்த கல்லைத் தருவதற்கு எந்த விவசாயியும் பெரும்பாலும் மறுப்பதில்லை, ஆனால் கேட்காமல் எடுத்தால் நியாயமாகவே கோபப்படுவார். இயங்கும் குவாரிக்குள் மேற்பார்வையாளர் அனுமதியின்றி நுழையாதீர்கள். கைவிட்ட குவாரி இன்னும் மோசம். செங்குத்துச் சுவர் எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது, தேங்கிய நீரின் ஆழமும் தெரியாது.

ஊரைவிட்டு ஊர் வந்த கற்களும் உண்டு. ரயில் பாதை ஜல்லி, கட்டடத்துக்குக் கொட்டிய மார்பிள் துண்டு, உடைந்த பீங்கான் தொட்டி, உலையிலிருந்து கொட்டிய கண்ணாடிக் கசடு. சாலையோரம் பொறுக்கிய கல் எங்கிருந்து வந்தது என்று உறுதி சொல்ல முடியாது. சுற்றியுள்ள பாறையோடு ஒட்டியிருக்கும் துண்டே மாதிரி என்ற பெயருக்குத் தகுதியானது.

சீட்டு

சேகரிப்பின் உயிர் சீட்டில் இருக்கிறது. எவ்வளவு அழகான படிகமானாலும் எங்கே எடுத்தது என்று எழுதாவிட்டால் அது அலங்காரப் பொருள்தான். எடுத்த இடத்திலேயே, கல்லைப் பையில் போடும் முன்பே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால் இரண்டு ஊர்க் கற்கள் கலந்துவிடும்.

‘சேலம்’ என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. கிராமம், வட்டம், மாவட்டம், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எந்தப் பாறைக்குள் இருந்தது, உங்கள் பெயர், இவை அத்தனையும் வேண்டும். கனிமத்தின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள், அது மாறலாம். இடத்தைப் பேனாவால் எழுதுங்கள், அது மாறாது. கல்லின் ஓரத்தில் வெள்ளைத் திருத்த மை ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் வரிசை எண். அதே எண் நோட்டிலும் சீட்டிலும். சீட்டு தொலைந்தாலும் எண் கல்லோடு இருக்கும்.

கழுவும்போது இரண்டைக் கவனியுங்கள். ஜிப்சம் நீரில் கொஞ்சம் கரையும் என்பதால் ஊறவைக்காமல் தூரிகையால் துடையுங்கள். கால்சைட்டில் எலுமிச்சையோ வினிகரோ படக் கூடாது, மினுக்கம் போய்விடும். மற்ற மூன்றுக்கும் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும்.

அருங்காட்சியகம் போய் ஒப்பிடுவதும் பயிற்சியின் பகுதி. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியதே 1,100 நிலவியல் மாதிரிகளோடுதான். எட்வர்டு பால்ஃபர் அதன் முதல் பொறுப்பாளர். எழும்பூரில் உள்ள அதன் நிலவியல் கூடத்தில் சீட்டுகளை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. ஐந்து கனிமங்களிலும் இரண்டிரண்டு துண்டு சேர்த்து, எண்ணை அடியில் மறைத்து, வீட்டில் யாரையாவது கலைத்து வைக்கச் சொல்லுங்கள். நகம், கத்தி, பாட்டில், வினிகர், லென்ஸ் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயரையும், அந்தப் பெயருக்கான காரணத்தையும் எழுதுங்கள். காரணம் இல்லாத சரியான விடைக்கு மதிப்பெண் போடாதீர்கள். பத்தும் சரியாக வந்த பிறகு கறுப்புக் கற்களுக்கான அத்தியாயத்துக்கு வாருங்கள்.